வட ஜெர்மனியின் பாரம்பரிய உணவகத்தில் சாப்பிடுவது எப்படி: முன்பதிவு முதல் பில் வரை

ஜெர்மன் சாப்பாடு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரு லிட்டர் பீர் குவளையும் ப்ரெட்ஸலும்தான். அதெல்லாம் தெற்கே, பவேரியாவின் சங்கதி. ஹாம்பர்க், பிரேமன், லூபெக், கீல், ஓல்டன்பர்க் பக்கம் போனால் மேசைக்கு வருவது வேறு: ஹெர்ரிங் மீன், தட்டைமீன், உப்பிட்ட மாட்டிறைச்சி, புகையூட்டிய பன்றி, பச்சைக் கீரைக்கோசு, எதற்கும் பக்கத்தில் உருளைக்கிழங்கு. கடலோரம், நீண்ட குளிர்காலம். அதனால் உப்பிலும் புகையிலும் வினிகரிலும் பொருளைக் கெடாமல் வைப்பதுதான் இந்தச் சமையலின் அடிப்படை. கறியோடு பேரிக்காயையும் உலர்ந்த பிளம் பழத்தையும் சேர்த்துச் சமைப்பார்கள். இனிப்பும் புளிப்பும் உப்பும் இப்படிக் கலந்து வரும் சுவைக்கு வடகோடி மாநிலமான ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைன்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'ப்ரோகன் ஸூட்'. இது பிடித்துப்போனால் வடக்குச் சாப்பாடு முழுவதும் பிடித்துப்போகும்.

இந்த உணவகங்களில் ஏமாற்றத்தோடு எழுந்து வருபவர்களில் பெரும்பாலோர் தவறான கடைக்குப் போனவர்கள் அல்ல, தவறான மாதத்தில் தவறான உணவைக் கேட்டவர்கள். ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

முதலில் மாதம், பிறகு மெனு

நல்ல கடைகளில் நிரந்தர மெனு அட்டையோடு, பருவத்துக்கென ஒரு தனித்தாளோ கரும்பலகையோ இருக்கும். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சமையலறையின் கவனம் அந்த வாரம் அங்கேதான் இருக்கும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை க்ரூன்கோல் எனும் சுருட்டை இலைக் கோசின் காலம். அதே நவம்பரில் 11ஆம் தேதி மார்ட்டின் திருநாளையொட்டி வாத்து வறுவல் தொடங்கி கிறிஸ்துமஸ் வரை ஓடும். ஏப்ரலில் வெள்ளை அஸ்பாரகஸ் வரும். ஜெர்மனியில் இதை ஷ்பார்கல் என்பார்கள். ஜூன் 24, யோவான் திருநாளோடு அறுவடை நிற்கும். ஜூனில் புதிய மாட்யெஸ் ஹெர்ரிங் வரும். ஆகஸ்ட், செப்டம்பரில் 'பிர்னன், போனன் உண்ட் ஷ்பெக்', அதாவது பேரிக்காய், பச்சை பீன்ஸ், பன்றிக்கொழுப்பு மூன்றும் ஒரே பாத்திரத்தில். இதற்குச் சிறிய கடினமான சமையல் பேரிக்காய் வேண்டும். தோலோடும் காம்போடும் முழுசாகப் போட்டு வேகவைப்பார்கள். சாதாரண மேசைப் பேரிக்காயைப் போட்டால் குழைந்து கூழாகிவிடும். பருவம் தாண்டி இதை எழுதிவைத்திருக்கும் கடையில் அந்த ஆபத்து உண்டு.

மே மாதத்தில் எங்கு பார்த்தாலும் 'மைஷோலெ', மே மாதத் தட்டைமீன் என்று எழுதியிருக்கும். சதை மென்மைதான். ஆனால் முட்டையிட்டு முடித்து இளைத்திருக்கும் மீன் அது. தடித்த சதை வேண்டுமென்றால் கோடையின் பிற்பகுதிவரை பொறுப்பது நல்லது. விளம்பரப் பலகை இதைச் சொல்லாது.

எந்தக் கடை

கிராமப்புறத்தில் 'காஸ்ட்ஹோஃப்' அல்லது 'க்ரூக்' என்று பெயரில் வருவது குடும்பம் நடத்தும் சாப்பாட்டுக்கடை. பெரும்பாலும் மேல்மாடியில் தங்கும் அறையும் இருக்கும். பகுதியின் அசல் சமையலுக்கு இதுதான் முதல் தேர்வு. துறைமுக நகரங்களில் மீனுக்கென்றே உணவகங்கள் உண்டு. பழைய நகர்மன்றக் கட்டடத்தின் நிலவறையில் இயங்குவது 'ராட்ஸ்கெல்லர்'. பிரேமன் ராட்ஸ்கெல்லர் 1405 முதல் இருக்கிறது. ஜெர்மன் ஒயின் தொகுப்புக்குப் பேர்போன இடம். அங்கே ஒரு பீப்பாயில் 1653ஆம் ஆண்டு ஒயின் இன்னும் இருக்கிறது. லூபெக்கில் கப்பல் மாலுமிகளின் சங்கம் 1535இல் வாங்கிய கட்டடம் 'ஷிஃபர்கெஸெல்ஷாஃப்ட்' என்ற பெயரில் இன்று உணவகம். கூரையிலிருந்து பழைய கப்பல் மாதிரிகள் தொங்கும். உயரமான முதுகுப்பலகை வைத்த நீண்ட ஓக் பெஞ்சுகளில்தான் உட்கார வேண்டும். ஹாம்பர்க்கில் மிஷேல் தேவாலயத்துக்கு எதிரே, 1795 முதல் இருக்கும் 'ஓல்ட் கமர்ஷியல் ரூம்' லாப்ஸ்கௌஸ் எனும் மாலுமிகளின் பிசைந்த இறைச்சி உணவுக்கு அறியப்பட்டது.

இந்தப் புகழ்பெற்ற இடங்களில் சுற்றுலாக் கூட்டம் இருக்கும், விலையும் கொஞ்சம் கூடும். கட்டடத்துக்காக ஒருமுறை போகலாம். சாப்பாட்டுக்காகத் திரும்பத் திரும்பப் போவதென்றால் கிராமத்து க்ரூக்குதான்.

மேசை பிடிப்பது

மூன்று விஷயங்களைப் புறப்படும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஒன்று, 'ருஹெடாக்'. வார விடுமுறை நாள். பல கடைகளுக்குத் திங்கள், சிலவற்றுக்குச் செவ்வாய். கிராமப்புறத்தில் வாரத்தில் இரண்டு நாள்கூட மூடியிருக்கும்.

இரண்டு, சமையலறை நேரம். கடை திறந்திருப்பதும் அடுப்பு எரிவதும் வேறு வேறு. மதியம் 12 முதல் 2 வரை, மாலை 5.30 முதல் 9 அல்லது 9.30 வரை என்பதுதான் வழக்கமான கணக்கு. 'வார்மெ க்யூஷெ' என்று எழுதியிருக்கும் நேரம்தான் சூடான சாப்பாடு கிடைக்கும் நேரம். இரவு ஒன்பதரைக்கு உள்ளே நுழைந்தால் பீர் கிடைக்கும், மீன் கிடைக்காது. நம் ஊர் வழக்கப்படி எட்டரைக்கு மேல் கிளம்புபவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மூன்று, முன்பதிவு. வெள்ளி, சனி மாலையும் ஞாயிறு மதியமும் தொலைபேசியில் சொல்லிவைக்காமல் போகாதீர்கள். ஜனவரி, பிப்ரவரி சனிக்கிழமைகள் இன்னும் மோசம். ஓல்டன்பர்க், பிரேமன் பக்கத்தில் நண்பர்களும் அலுவலகக் குழுக்களும் கைவண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டு வயல்வெளியில் நடந்து, கடைசியில் ஒரு கிராம உணவகத்தில் கோசு விருந்து சாப்பிட்டு, தங்களுக்குள் ஒருவரை 'கோசு ராஜா'வாகத் தேர்ந்தெடுக்கும் 'கோல்ஃபார்ட்' காலம் அது. ஊர்க் கடைகள் வாரக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும்.

உள்ளே போனதும் எளிய கடைகளில் காலியாக உள்ள மேசையில் நீங்களே உட்காரலாம். வெள்ளை மேசைவிரிப்பு போட்ட இடமென்றால் வாசலிலேயே நில்லுங்கள், அழைத்துப் போவார்கள். 'ரெஸர்வியர்ட்' அட்டை இருக்கும் மேசையைத் தொடாதீர்கள். 'ஷ்டாம்டிஷ்' என்று பலகையோ பித்தளைச் சின்னமோ வைத்த மேசை வாடிக்கையாளர் குழுவுக்கு உரியது, கடை முழுக்கக் காலியாக இருந்தாலும் அதில் உட்காரக் கூடாது. நீண்ட மேசையில் இடம் இருந்தால், 'இஸ்ட் ஹியர் நோஹ் ஃப்ரை?', இந்த இடம் காலியா என்று கேட்டுவிட்டு அமரலாம். கேட்காமல் அமர்ந்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், ஆனால் சங்கடம் மேசை முழுக்கப் பரவும்.

வணக்கத்துக்கு ஒரே சொல் போதும்: 'மொயின்'. காலை, மதியம், இரவு எப்போதும் இதுதான். முதியவரிடமும் பரிமாறுபவரிடமும் இதையே சொல்லலாம், மரியாதைக் குறைவு இல்லை. பரிமாறுபவர் சிரிக்காமல், இரண்டு வார்த்தையில் பேசினால் கோபம் என்று எண்ண வேண்டாம். வடக்கின் இயல்பு அது.

முதலில் குடிப்பதற்கு

மெனு அட்டையோடு பரிமாறுபவர் குடிப்பதற்கு என்ன என்றுதான் முதலில் கேட்பார். குழாய்த் தண்ணீர் தானாக வராது. கேட்டால் சில இடங்களில் தருவார்கள், சில இடங்களில் முகம் சுளிப்பார்கள். பாட்டில் தண்ணீருக்குக் காசு உண்டு. 'வாஸர்' என்று மட்டும் சொன்னால் வாயு நிறைந்த சோடா மாதிரியானது வரும். வாயு இல்லாதது வேண்டுமென்றால் 'ஷ்டில்லெஸ் வாஸர்' என்று சொல்லுங்கள்.

பீர் என்றால் இங்கே பில்ஸ் வகை. வடகடலோரம் யேவர், டென்மார்க் எல்லைப் பக்கம் ஃப்ளென்ஸ்பர்கர், பிரேமனில் பெக்ஸ், ஹாம்பர்க்கில் ஆஸ்ட்ரா, ஹோல்ஸ்டன். யேவர் நல்ல கசப்பு, முதல் வாயிலேயே தெரியும். 0.3 லிட்டர் கண்ணாடிக் குவளைதான் வழக்கம். குவளையில் அளவுக்கோடு பொறித்திருக்கும், திரவம் அந்தக் கோட்டைத் தொட வேண்டும், நுரை அதற்கு மேல். குறைந்திருந்தால் தயங்காமல் சொல்லலாம். பில்ஸை இரண்டு மூன்று தவணையாக ஊற்றுவார்கள் என்பதால் சில நிமிடம் ஆகும். பீரில் எலுமிச்சை சோடா கலந்ததைத் தெற்கில் ராட்லர் என்பார்கள், ஹாம்பர்க்கில் அல்ஸ்டர்வாஸர் என்று கேளுங்கள்.

'லுட் உன் லுட்' என்று பார்த்தால் அது சின்ன பீரும் சின்ன சாராயமும் சேர்ந்த ஜோடி. சாராயம் தானியத்தில் வடித்த கோர்ன், அல்லது சீமைச் சோம்பு வாசனையுள்ள க்யோம். கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பிறகு இதை ஜீரணத்துக்கு என்று சொல்லிக் குடிப்பார்கள். குவளையை உயர்த்தும்போது எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும், குவளையைப் பார்க்கக் கூடாது. பீர், ஒயினுக்கு வயது 16, சாராயத்துக்கு 18.

மெனுவை எப்படிப் படிப்பது

விலையில் வரியும் சேவைக் கட்டணமும் அடக்கம். முக்கிய உணவுகள் பெரும்பாலும் 18 முதல் 30 யூரோவுக்குள் இருக்கும். உணவின் பெயருக்கு அருகே சின்னதாக எண்களும் எழுத்துகளும் தெரியும். எண்கள் பொதுவாக நிறமூட்டி, பதப்படுத்தி போன்ற சேர்பொருள்களைக் குறிக்கும். எழுத்துகள் ஐரோப்பிய விதிப்படி அறிவிக்க வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களை. கடைக்குக் கடை குறியீடு மாறும், விளக்கம் மெனுவின் கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

'ப்ராட்கார்டோஃபெல்ன்' என்றால் வேகவைத்த உருளையை வில்லைகளாக நறுக்கி வாணலியில் பொன்னிறமாக வறுத்தது. 'பெல்கார்டோஃபெல்ன்' தோலோடு வெந்தது, தோலை நீங்களே உரித்துக்கொள்ள வேண்டும். 'ஸால்ட்ஸ்கார்டோஃபெல்ன்' தோலுரித்து உப்பு நீரில் வெந்தது. ஒரு கடையின் தரம் தெரிய வேண்டுமா? ப்ராட்கார்டோஃபெல்னைப் பாருங்கள். முந்தின நாள் வேகவைத்து ஆறவைத்த உருளை, ஓரம் மொறுமொறுப்பாக, தனித்தனி வில்லையாக வந்தால் சமையலறையில் ஆள் இருக்கிறார். வெளிறி, உடைந்து, எண்ணெயில் ஊறி வந்தால் வாணலியில் ஒரேயடியாகக் கொட்டிவிட்டார்கள் என்று பொருள்.

உருளையை மாற்றிக்கொடுங்கள் என்று கேட்டால் ஓரிரு யூரோ கூடுதல் கேட்கலாம். பங்கு பெரிது. பசி குறைவென்றால் 'க்ளைனெ போர்ட்சியோன்' கிடைக்குமா என்று கேளுங்கள். மீந்ததைக் கட்டிக்கொடுக்கச் சொல்வதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

லாப்ஸ்கௌஸ்

தோற்றத்தைப் பார்த்துப் பயந்து வேண்டாம் என்று சொல்லப்படும் உணவு இதுதான். கப்பல் பயணங்களில் உப்பிட்ட கடின இறைச்சியைப் பல் விழுந்த மாலுமிகளும் தின்ன வேண்டும் என்பதற்காக அரைத்துப் பிசைந்த சாப்பாடு. நான்கு பேருக்கு ஏறத்தாழ அரை கிலோ உப்பிட்ட மாட்டு மார்பிறைச்சி, முக்கால் முதல் ஒரு கிலோ உருளை, இரண்டு மூன்று வெங்காயம், கால் கிலோ வினிகரில் போட்ட பீட்ரூட். இறைச்சியை மணிக்கணக்கில் வேகவைத்து அரைத்து, மசித்த உருளையோடு சேர்த்துக் கிளறுவார்கள். கேப்பைக்களியைவிடச் சற்று இளகிய பதம், இளஞ்சிவப்பு நிறம். மேலே பொரித்த முட்டை, பக்கத்தில் ஊறுகாய் வெள்ளரியும் ரோல்மொப்ஸ் எனும் சுருட்டிய வினிகர் ஹெர்ரிங்கும்.

முட்டையின் மஞ்சளை உடைத்துக் கலந்து, ஒரு வாய் பிசைந்ததுக்கு ஒரு கடி ஹெர்ரிங் அல்லது வெள்ளரி என்று மாறி மாறிச் சாப்பிட வேண்டும். பிசைந்ததை மட்டும் தின்றால் உப்பும் மாவும்தான். புளிப்பு இடையிடையே வந்தால்தான் தட்டு முழுமையாகும். சில கடைகள் டின்னில் அடைத்த கார்ன்ட் பீஃப் போட்டுச் செய்கின்றன. நூல் நூலாக இல்லாமல் பசை மாதிரி இருந்தால் அதுதான்.

முழுத் தட்டைமீனைப் பிரிப்பது

'ஷோலெ ஃபின்கன்வெர்டர் ஆர்ட்' என்பது ஹாம்பர்க்கின் எல்பே ஆற்றங்கரை மீனவப் பகுதியான ஃபின்கன்வெர்டர் பாணி. ஆரஞ்சுப் புள்ளியுள்ள தட்டைமீனை மாவில் புரட்டி, பன்றிக்கொழுப்புத் துண்டுகள் உருகிய நெய்யிலேயே வறுத்து, அந்தத் துண்டுகளை மேலே தூவித் தருவார்கள். தலையும் எலும்புமாக முழு மீன் தட்டை நிறைத்துக் கிடக்கும். 400, 500 கிராம் எடையுள்ளது ஒருவருக்குச் சரி. அதைவிடச் சிறியதில் முள்ளே மிச்சம்.

பிரிக்கும் முறை இப்படி. கூர்மை இல்லாத மீன்கத்தி கொடுத்திருப்பார்கள், அது வெட்டுவதற்கல்ல, தள்ளுவதற்கு. முதலில் மீனின் இரு ஓரத்திலும் ஓடும் துடுப்பு விளிம்பைக் கத்தியால் அழுத்தி வெளிப்பக்கமாக இழுத்து நீக்குங்கள். பொடி முள் எல்லாம் அங்கேதான் இருக்கிறது, இதைத் தவிர்ப்பவர்களுக்குத்தான் தொண்டையில் குத்தும். பிறகு தலைக்குப் பின்னாலிருந்து வால் வரை நடுவில் ஓடும் கோட்டில் எலும்பு தட்டும்வரை கத்தியை இறக்குங்கள். கத்தியைப் படுக்கவைத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, முள்ளின் மேலாக வழுக்கித் தள்ளினால் சதை ஒரு பட்டையாகக் கழன்று வரும். மறுபக்கமும் அதேபோல். இந்த இரண்டு பட்டையையும் சாப்பிட்டு முடியுங்கள், ஆறுவதற்குள்.

இப்போது நடு எலும்பு முழுவதும் தெரியும். வால் பக்கம் எலும்புக்குக் கீழே கத்தியை நுழைத்துத் தூக்கி, கீழ்ச்சதையை முட்கரண்டியால் பிடித்துக்கொண்டு, தலையை நோக்கி மெல்ல இழுத்தால் முழுக் கூடும் தலையோடு வந்துவிடும். எலும்புக்கென்று தனித் தட்டு வைத்திருப்பார்கள். கீழே இரண்டு பட்டை மிச்சம்.

மீனைப் புரட்டிப் போடாதீர்கள், உடைந்து முள் சதைக்குள் கலந்துவிடும். குறுக்காக வெட்டுவதும் அதே விளைவைத் தரும். எலும்பு வராமல் சதையோடு ஒட்டிக்கொண்டால் நடுப்பகுதி சரியாக வேகவில்லை, திருப்பி அனுப்பலாம். முள்ளோடு போராட மனமில்லையென்றால் 'பான்ஃபிஷ்' கேளுங்கள்: முள் நீக்கிய மீன் துண்டுகள், வறுத்த உருளை, கடுகுச் சாஸ். ஹாம்பர்க்கின் இன்னொரு பழைய உணவு, தோற்கவே தோற்காது.

மாட்யெஸும் மற்ற ஹெர்ரிங்குகளும்

மாட்யெஸ் வெந்ததல்ல, முழுப் பச்சையும் அல்ல. முட்டை வைக்கும் முன், கொழுப்பு ஏறிய நிலையில் பிடித்த ஹெர்ரிங்கின் செவுளையும் குடலையும் எடுத்துவிட்டுக் கணையத்தை மட்டும் உள்ளே விடுவார்கள். அதன் நொதிகள்தான் இலேசான உப்பு நீரில் கிடக்கும் சதையை மென்மையாக்குகின்றன. ஒட்டுண்ணிப் புழுக்கள் சாக, குறைந்தது 24 மணி நேரம் -20 டிகிரியில் உறையவைப்பது கட்டாயம், ஆகவே பயப்பட வேண்டாம். நல்ல மாட்யெஸ் வெண்ணெய் மாதிரி கரையும், முள் தட்டாது, விளிம்பில் மஞ்சளோ கசந்த எண்ணெய் வாடையோ இருக்காது.

'ஹவுஸ்ஃப்ராவன் ஆர்ட்' என்றால் ஆப்பிள், வெங்காயம், ஊறுகாய் வெள்ளரி சேர்ந்த புளித்த கிரீமில் வரும். முதல் தடவைக்கு இதுதான் எளிது. வெறும் மாட்யெஸ், தோலோடு வெந்த உருளை, பீன்ஸ் என்று கேட்பவர்கள் பழகியவர்கள். பிஸ்மார்க் ஹெர்ரிங் வினிகரில் ஊறியது, ப்ராட்ஹெர்ரிங் வறுத்து வினிகரில் போட்டது. மூன்றையும் ஒரே தட்டில் தரும் கடைகளும் உண்டு, புதியவருக்கு நல்ல பாடம் அது.

வடகடல் சிற்றிறால், 'நோர்ட்ஸேக்ராபன்', சாம்பல் பழுப்பு நிறத்தில் விரல் நீளத்துக்கும் குறைவாக இருக்கும். கருப்பு ரொட்டியில் வெண்ணெய், அதன்மேல் இறால், அதற்கும் மேல் பொரித்த முட்டை என்பது வழக்கம். ஓட்டோடு வாங்கினால் ஒரு கிலோவில் மூன்றில் ஒரு பங்குதான் சதை தேறும். உரித்து எடுக்கும் வேலையின் பெரும்பகுதி மொராக்கோவில் நடக்கிறது.

கோசும் பிங்கலும்

க்ரூன்கோல் வந்தால் கறுத்த பச்சை மசியல் ஒரு கிண்ணம் நிறைய வரும், கூடவே உப்பிட்டுப் புகையூட்டிய பன்றித் துண்டு, வேகவைத்த தொத்திறைச்சி, பிங்கல் எனும் இன்னொரு வகைத் தொத்திறைச்சி. பிங்கலில் பன்றிக்கொழுப்பு, வெங்காயம், ஓட்ஸ் அல்லது பார்லி நொய். இதன் மேலுறையைத் தின்ன வேண்டியதில்லை. நடுவில் கீறி, உள்ளிருப்பதைக் கோசின்மேல் பிதுக்கிக் கலந்துவிட்டு, உறையை ஓரம் தள்ளுங்கள். கோசுக்கு உடம்பும் ருசியும் வருவது அப்போதுதான். கடுகு கட்டாயம் இருக்கும். ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைன் பக்கம் சின்ன உருளைகளைச் சர்க்கரைப் பாகில் பிரட்டியும் தருவார்கள், மேசையில் சர்க்கரைக் கிண்ணம் வைத்திருந்தால் அதுவும் கோசுக்குத்தான்.

'உறைபனி பட்ட பிறகுதான் கோசு இனிக்கும்' என்பார்கள். பாதி சரி. நிற்கும் செடியில் குளிர் நீடித்தால், இலை சர்க்கரையைத் தயாரித்துக்கொண்டே செலவழிப்பதைக் குறைக்கும், அதனால் இனிப்பு சேரும். பறித்த இலையை உறைபெட்டியில் வைத்தால் அது நடக்காது.

நேரம் கேட்கும் உணவு இது, அவசரமாகச் சாப்பிட வேண்டாம். முடித்ததும் எழ மனம் வராது, அதற்கும் சேர்த்துத்தான் கோர்ன்.

இறைச்சி தவிர்ப்பவர்கள் கவனிக்க

'ஷ்பெக்' எனும் பன்றிக்கொழுப்புதான் பெரிய கண்ணி. வறுத்த உருளையில், பீன்ஸில், உருளைச் சாலடில், பட்டாணி சூப்பில் எல்லாம் ஒளிந்திருக்கும். கோசையும் சிவப்புக் கோசையும் பன்றி அல்லது வாத்துக் கொழுப்பில் வதக்குவார்கள், மேலே கறி இல்லை என்பதால் சைவம் ஆகிவிடாது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் லாப்ஸ்கௌஸையும் 'ரூலாடன்' எனும் சுருட்டிய கறியையும் விட்டுவிடுங்கள். 'ஸவர்ஃப்ளைஷ்' புளித்த ஜெல்லியில் உறைந்த பன்றி.

'இஸ்ட் டா ஷ்பெக் ட்ரின்?' என்று கேட்டால் இருக்கிறதா இல்லையா என்று நேராகச் சொல்வார்கள். 'பிட்டெ ஓனெ ஷ்பெக்' என்றால் அது இல்லாமல். 'இஹ் எஸ்ஸெ கைன் ஃப்ளைஷ் உண்ட் கைனன் ஃபிஷ்' என்று மீனையும் சேர்த்தே சொல்லுங்கள். கறி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீனைக் கொண்டுவந்து வைக்கும் கடைகள் இருக்கின்றன.

சைவத்துக்கு ஏற்றவை: மூலிகை சேர்த்த குவார்க் எனும் புளித்த பால்கட்டியுடன் தோலோடு வெந்த உருளை, உருகிய வெண்ணெயோடு ஷ்பார்கல், காய்களைப் பாலில் வேகவைக்கும் 'ஷ்னூஷ்', இலையுதிர்காலத்தில் எல்டர்பெர்ரி பழச் சாற்றில் ரவை உருண்டை மிதக்கும் 'ஃப்ளீடர்பேர்ஸுப்பெ'. ஷ்னூஷுக்குப் பக்கத்தில் பன்றித் தொடையை வைத்து அனுப்புவது வழக்கம் என்பதால் முன்பே சொல்லிவிடுங்கள். ஹாம்பர்க் 'ஆல்ஸுப்பெ'யும் ஆசை காட்டும்: உலர்பழம் மிதக்கும் இனிப்புப் புளிப்பு சூப். ஆனால் அடிச்சாறு பன்றித்தொடை எலும்பில் எடுத்தது, பெரும்பாலும் விலாங்கும் இருக்கும்.

விலாங்கும் கரண்டிச் சாராயமும்

ஓல்டன்பர்க்குக்கு அருகில் பாட் ட்ஸ்விஷெனான் ஏரிப் பகுதியில் புகையூட்டிய விலாங்கைக் கையால்தான் தின்பார்கள். தலையைப் பிடித்துத் தோலை உரித்து, முதுகெலும்பின் இருபக்கமும் கடித்து எடுப்பார்கள். கையெல்லாம் எண்ணெய் வழியும். சாப்பிட்டு முடித்ததும் பரிமாறுபவர் வந்து கையில் கோர்ன் சாராயத்தை ஊற்றுவார், அதைத் தேய்த்தால் நெடி போகும்.

பிறகு வெள்ளீயக் கரண்டி வரும். இடக்கையில் பிடிக்க வேண்டும், அதில் சாராயம் ஊற்றப்படும். ஒருவர் 'இக் ஸே டி', உன்னைப் பார்க்கிறேன் என்பார், எதிரே இருப்பவர் 'டட் ஃப்ரைட் மி', மகிழ்ச்சி என்பார். 'இக் ஸூப் டி டோ', உனக்காகக் குடிக்கிறேன். 'டட் டோ', குடி. கரண்டி காலியானதும் 'இக் ஹெப் டி டோஸாப்பன்', குடித்துவிட்டேன். 'ஹெஸ்ட் ன் ரெஹ்டன் ட்ராப்பன்', சரியான ஆளைத்தான் பிடித்தாய். கரண்டியைக் கவிழ்த்துக் காட்டும்போது சொட்டக் கூடாது, சொட்டினால் இன்னொன்று. குடிக்காதவர்கள் முன்பே சொல்லிவிட்டால் வற்புறுத்த மாட்டார்கள்.

ஐரோப்பிய விலாங்கு அழிவின் விளிம்பில் உள்ள இனம். பல சமையலறைகள் அதை மெனுவிலிருந்து எடுத்துவிட்டன. சடங்கை ஒருமுறை பார்க்க விரும்புபவர்கள் ஒரு மீனைப் பங்கிட்டுக்கொள்வது நியாயம்.

இனிப்பு, காபி, தேநீர்

'ரோட்டெ க்ரூட்ஸெ' சிவப்புப் பழங்களை மாவுச்சத்தில் கெட்டியாக்கியது, வெனிலா சாஸோ குளிர்ந்த கிரீமோ மேலே. பழம் முழுசாகத் தெரிய வேண்டும், ஒரே ஜெல்லியாக இருந்தால் பாக்கெட்.

'ஃபாரிஸேயர்' என்பது கெட்டிக் காபி, சர்க்கரை, 4 சென்டிலிட்டர் ரம், மேலே அடித்த கிரீம். 1872இல் நோர்ட்ஷ்ட்ராண்ட் தீவில் ஒரு ஞானஸ்நான விருந்தில், பாதிரியாருக்குத் தெரியாமல் ரம்மை மறைக்கக் கிரீமைப் போட்டார்கள் என்பது கதை. 2 சென்டிலிட்டர் ரம் இதற்குப் போதாது என்று 1981இல் ஃப்ளென்ஸ்பர்க் நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கலக்காமல் கிரீம் வழியாக உறிஞ்ச வேண்டும். கலக்கியவர் மேசைக்கே ஒரு சுற்று வாங்கித்தர வேண்டும் என்பது மரபு. காபிக்குப் பதில் கோகோ போட்டால் அதன் பெயர் 'டோட்டெ டான்டெ'.

வடகடலோரப் பகுதியான கிழக்கு ஃபிரிசியாவுக்குப் போனால் தேநீரைத் தவறவிடாதீர்கள். தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 300 லிட்டர் தேநீர் குடிக்கும் ஊர் அது. பெரும்பகுதி அசாம் தேயிலை. முதலில் கோப்பையில் 'க்ளுன்ட்யெ' எனும் பெரிய கற்கண்டு, அதன்மேல் கொதிக்கும் தேநீர். கற்கண்டு வெடிக்கும் சத்தம் கேட்க வேண்டும். சின்ன வளைந்த கரண்டியால் கிரீமைக் கோப்பை ஓரமாக வழியவிட்டால் மேகம்போல் எழும்பும். கலக்கவே கூடாது. முதல் வாய் கிரீம், அடுத்து கசப்பு, அடியில் இனிப்பு. மூன்று கோப்பை குடிப்பது முறை. கரண்டியைக் கோப்பைக்குள் வைக்கும்வரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், போதும் என்று வாயால் சொல்வதைவிடக் கரண்டியை வைப்பதுதான் அங்கே பேச்சு.

பில்

தட்டில் கத்தியையும் முட்கரண்டியையும் ஒரே பக்கமாகச் சேர்த்து வைத்தால் முடித்துவிட்டீர்கள் என்று பொருள். குறுக்காக வைத்தால் தட்டை எடுக்க மாட்டார்கள். நீங்கள் கேட்காமல் பில் வராது, எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் விரட்ட மாட்டார்கள். 'ட்ஸாலன், பிட்டெ' என்று கேளுங்கள். சேர்த்தா, தனித்தனியாகவா என்று கேட்பார்: 'ட்ஸுஸாமன்' அல்லது 'கெட்ரென்ட்'. தனித்தனி என்றால் ஒவ்வொருவரும் தாம் சாப்பிட்டதைச் சொல்ல வேண்டும், அவர் மேசையிலேயே கணக்குப் போடுவார்.

டிப்ஸ் 5 முதல் 10 சதவீதம், முழு எண்ணாக்கித் தருவது வழக்கம். மேசையில் விட்டுவிட்டு எழுந்து போகக் கூடாது, பணம் தரும்போதே மொத்தத்தைச் சொல்ல வேண்டும். பில் 46.80 யூரோ என்றால் 50 தாளை நீட்டி 'ஷ்டிம்ட் ஸோ' என்றால் மீதியை வைத்துக்கொள்ளுங்கள் என்று பொருள். 100 தாள் கொடுப்பதாக இருந்தால் 'ஃபுன்ஃப்ட்ஸிஹ்', ஐம்பது என்று சொல்லுங்கள், 50 திரும்ப வரும். காசை நீட்டும்போதே 'டாங்கெ' என்று நன்றி சொல்லிவிட்டால் மீதி வேண்டாம் என்றே எடுத்துக்கொள்வார்கள். மீதி கைக்கு வந்த பிறகு நன்றி சொல்லலாம். கார்டில் கட்டுவதாக இருந்தாலும் கருவியில் தொகை அடிக்கும் முன்பே டிப்ஸைச் சேர்த்துச் சொல்லுங்கள். கிராமத்தில் 'நூர் பார்ட்ஸாலுங்' என்று வாசலில் எழுதியிருந்தால் ரொக்கம் மட்டும்தான், வெளிநாட்டுக் கடன் அட்டையை ஏற்காத கடைகளும் உண்டு.

கிளம்பும் முன் கழிப்பறை தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பழைய கடைகளின் கதவில் வட்டாரப் பேச்சில் எழுதியிருக்கும். 'டேர்ன்ஸ்' பெண்களுக்கு, 'கெர்ல்ஸ்' ஆண்களுக்கு. ஆங்கிலக் காதோடு படித்தால் தலைகீழாகப் போய்விடும். கோட்டை மாட்டியிருந்த கொக்கிக்கு மேலே, வைத்த பொருளுக்குக் கடை பொறுப்பல்ல என்று ஒரு சின்ன அறிவிப்பு இருக்கும். பணப்பையும் பாஸ்போர்ட்டும் சாப்பிடும்போது உங்களிடமே இருக்கட்டும்.